லான்வில்லின் வறியோர் பணியில்லமும் அதன் கட்டட அமைப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஆராய்வோர் அந்நாட்டு மன்னர் எழுப்பிய கோட்டைகளையும் அடியார் எழுப்பிய ஆலயங்களையும் சான்றாகக் கொள்ளுதல் பெருவழக்கு. வேல்ஸ் நாட்டுக்குச் செல்வோரும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் எட்வேட் மன்னன் எழுப்பிய கயர்நார்வன், கொன்வி முதலிய கோட்டைகளையே முதற்கண் நாடுவர். அக்கோட்டைகள் வென்றவன் வலிமையைக் கூறுவன. ஆயின், ஒரு சமுதாயம் தன்னுள் மெலிந்தாரை எவ்வாறு நடத்திற்று என்பதை அவை கூறமாட்டா. அதனை அறிய விரும்புவோர் வேறுவகைக் கட்டடங்களை நாடல் வேண்டும். அத்தகைய கட்டடம் ஒன்று வேல்ஸின் நடுப்பகுதியில், பழைய மொன்ற்கோமரிக் கோட்டத்தைச் சேர்ந்த லான்வில்லின் என்னும் சிற்றூரின் புறத்தே இன்றும் நிற்கின்றது. அதுவே லான்வில்லின் வறியோர் பணியில்லம் ஆகும்.

ஆங்கிலர் ‘வர்க்ஹவுஸ்’ என வழங்கிய இந்நிலையத்தை வேல்ஸ் மக்கள் தம் மொழியில் ‘ட்லோட்டி’, அஃதாவது ‘ஏழைவீடு’ என்றனர். ஆங்கிலச் சொல்லையே ‘வர்க்கஸ்’ எனத் திரித்தும் வழங்கினர். உழைத்து உண்ண இயலாதோரும், உழைக்க வல்லராயிருந்தும் வேலை கிடையாதோரும், பெற்றோரை இழந்த சிறுவரும், கைவிடப்பட்ட தாயரும் பொதுப்பணத்தில் உணவும் உறையுளும் பெறுதற்குப் புகவேண்டிய இடம் அது. லான்வில்லினில் உள்ள கட்டடம் 1830ஆம் ஆண்டுகளின் இறுதியிலே 250 பேருக்கென அமைக்கப்பட்டது. நடுவே எண்கோண வடிவான இல்லத்தலைவர் மனை; அதனின்று நான்கு திசையிலும் நீளும் நான்கு கட்டடச் சிறகுகள்; சிறகுகளின் இடையே நான்கு முற்றங்கள். இதுவே அதன் அமைப்பு. கல்லாலான இக்கட்டடம் உறுதியானது. அளவும் பொருத்தமும் உடையது. பார்வைக்கு அழகற்றது எனவும் கூறமுடியாது. அவ்வாறாயின், வேல்ஸ் மக்கள் இத்தகைய கட்டடங்களை ஏன் இத்துணை வெறுத்தனர்? அவற்றுட் புகுவதினும் பட்டினி கிடத்தல் நன்று என ஏன் எண்ணினர்? இவ்வினாக்களுக்குரிய விடை கட்டடத்தின் பொருளில் இல்லை. அதன் திட்டத்திலேயே உள்ளது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏழையரைப் புரத்தல் நெடுங்காலமாக உள்ளூர்க் கடமையாகவே இருந்துவந்தது. முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் எல்லைக்குட்பட்ட ஏழையரைத் தானே தாங்கவேண்டும் என விதித்தது. இதற்கென நிலமுடையோரிடமும் குடியிருப்போரிடமும் ஏழையர் வரி பெறப்பட்டது. பெரும்பாலான ஏழையர் தம் வீட்டிலிருந்தவாறே சிறிது பணமோ, உணவோ, விறகோ, வீட்டு வாடகையோ பெற்றனர். இது ‘வெளியுதவி’ எனப்பட்டது. பணியில்லங்கள் சில 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. மொன்ற்கோமரிக் கோட்டத்திலேயே, ஃபோர்டன் என்னுமிடத்தில், 1792ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்றன்படி ‘தொழில் இல்லம்’ ஒன்று எழுந்தது. எனினும் இவை நாடு முழுவதற்கும் உரிய ஒரே முறைமையின் உறுப்புகளாக அமையவில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. பிரான்சியப் போர்களின் காலத்தில் தானிய விலை ஏறியது. 1795ஆம் ஆண்டில் பேர்க்சயரைச் சேர்ந்த ஸ்பீனம்லண்ட் என்னுமிடத்தில் கூடிய நீதவான்கள், உரொட்டியின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்பக் கூலிக்குறையை ஏழையர் வரியிலிருந்து நிரப்புதற்கு வழி வகுத்தனர். இம்முறை இங்கிலாந்தின் தென்பகுதியிற் பரவியது. போர் முடிந்தபின் வேலையின்மை பெருகிற்று. 1818ஆம் ஆண்டளவில் இரு நாடுகளிலும் ஏழையர்க்கெனச் செலவான தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் பவுண் ஆயிற்று. வரி செலுத்துவோர் முறையிட்டனர். மறுபுறத்தே 1830ஆம் ஆண்டில் தென்னிங்கிலாந்து உழவுத் தொழிலாளர் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டுக் கலகஞ் செய்தனர். இவ்விரு நெருக்கடிகளும் சேர்ந்தே 1832ஆம் ஆண்டின் அரச ஆணைக்குழுவைத் தோற்றுவித்தன. பொருளியலறிஞர் நாசோ சீனியரும், தத்துவஞானி ஜெறமி பெந்தாமிடம் செயலாளராக இருந்த எட்வின் சட்விக்கும் அவ்வாணைக்குழுவின் அறிக்கையை ஆக்கியோருள் முதன்மையானவர். அவ்வறிக்கையின் பயனாக 1834ஆம் ஆண்டில் ஏழையர் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

அவ்வறிக்கையின் உயிர்நாடியான கொள்கை ஒன்றுண்டு. உதவி பெறும் ஏழையின் நிலை, தன் உழைப்பால் வாழும் மிகத்தாழ்ந்த தொழிலாளியின் நிலையினும் விரும்பத்தகாததாக இருத்தல் வேண்டும் என்பதே அது. வெளியுதவியை நிறுத்தி, உதவி வேண்டுவோரைப் பணியில்லத்துக்கு அழைத்தால், உண்மையில் வேறு வழியற்றவர் மட்டுமே அங்கு வருவர். ஏனையோர் தாமே விலகி உழைக்கச் செல்வர் என அறிக்கையாளர் கருதினர். இவ்வாறு பணியில்லத்தின் வாயிலே வறுமையை அளக்கும் கோலாயிற்று. யார் உண்மையில் வறியவர் என்பதை அதிகாரிகள் ஆராய்ந்து துணிய வேண்டியதில்லை. கட்டடமே அதனைத் துணிந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

ஆயின், இக்கொள்கையை நடைமுறைப்படுத்த முற்பட்டபோது ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. அக்காலத்து உழவுத் தொழிலாளியின் வாழ்க்கையினும் தாழ்ந்த வாழ்க்கையை அமைத்தல் எளிதன்று. மலைப்புற வேல்ஸில் அவன் குடியிருந்த குடில் பெரும்பாலும் ஓரிரு அறைகளையே கொண்டது, மண்தரை உடையது, புகையும் ஈரமும் நிறைந்தது. அவன் உண்டதோ வாற்கோதுமை அல்லது ஓற்ஸ் உணவும் உருளைக்கிழங்கும் மோருமே. இதனினும் கீழான உறையுளையும் உணவையும் அரசு அளிக்க முற்படின் உள்ளே இருப்போர் மடிவர். அது நாகரிக அரசுக்குப் பழியாகும். எனவே பணியில்லத்துச் சுவர்கள் குடிலின் சுவரினும் வலியனவாகவே இருந்தன. கூரை ஒழுகவில்லை. உணவு சுவையற்றதாயினும் அளந்து நாள்தோறும் கிடைத்தது. நோயுற்றால் மருத்துவர் வந்தார். இவ்வாறு உடல் வசதியிலே குடிலினும் மேம்பட்ட ஓரில்லத்தை எவ்வாறு அஞ்சத்தக்கதாக ஆக்குவது? இதற்குச் சட்டத்தார் கண்ட விடை பிரிவு, கண்காணிப்பு, ஒழுங்கு என்னும் மூன்றுமாகும். கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்தல். எந்நேரமும் ஒருவர் கண்முன் இருக்கச் செய்தல். மணியோசைக்கேற்ப எழவும் உண்ணவும் உழைக்கவும் உறங்கவும் பணித்தல். இம்மூன்றும் கல்லின் தரத்தால் அமைவன அல்ல. கட்டடத்தின் திட்டத்தால் அமைவன. ஆகவேதான் இந்நிலையங்களின் வரலாற்றில் கட்டடக்கலைஞனின் வரைபடம் சட்டநூலுக்கு நிகரான இடத்தைப் பெறுகின்றது.

இங்கே அறிக்கைக்கும் நடைமுறைக்கும் இடையே தோன்றிய வேறுபாடு ஒன்று மனங்கொளத்தக்கது. 1834ஆம் ஆண்டின் அறிக்கை வறியோரைக் குறைந்தது நான்கு வகுப்பினராகப் பிரிக்க வேண்டும் என்றது. முதியோரும் உடல் நலிந்தோரும் ஒரு வகுப்பினர். சிறுவர் மற்றொரு வகுப்பினர். உழைக்கவல்ல பெண்டிர் மூன்றாமவர். உழைக்கவல்ல ஆடவர் நான்காமவர். இந்நால்வகையினர்க்கும் வெவ்வேறு கட்டடங்கள் வேண்டும் என்பதே அறிக்கையின் பரிந்துரை. முதியோர் ஆரவாரமின்றித் தமக்குரிய சிறு வசதிகளோடு வாழவும், சிறுவர் தக்க ஆசிரியரிடம் கல்வி பெறவும் அவ்வாறு பிரித்தல் நன்று என அது கூறிற்று. ஆயின் சட்டத்தை நடைமுறைப்படுத்த அமர்த்தப்பட்ட மூன்று ஆணையாளரும் அவர்தம் துணைவரும் வேறு முடிவுக்கு வந்தனர். அம்மூவருள் தலைமை வகித்த தோமஸ் பிராங்லண்ட் லூயிஸ் வேல்ஸின் ராட்னர்க் கோட்டத்து நிலக்கிழார். மற்றொருவரான ஜோர்ஜ் நிக்கல்ஸ் நொற்றிங்கம் கோட்டத்துச் சவுத்வெல் என்னும் ஊரில் ஏழையர் மேற்பார்வையாளராக இருந்தவர். அவ்வூரில் 1824ஆம் ஆண்டில் எழுந்த பணியில்லத்தில், நடுவே தலைவர் மனையும் பக்கங்களிலே பிரிக்கப்பட்ட பகுதிகளும் முன்னரே அமைந்திருந்தன. நான்கு கட்டடங்களை நடத்துதல் செலவு மிக்கது; ஒரு கூரையின் கீழே நான்கு பகுதிகளை அமைத்து ஒரே தலைவரிடம் ஒப்படைத்தல் சிக்கனமானது என்னும் கருத்தே மேலோங்கிற்று. அறிக்கை கூறிய நான்கு கட்டடங்களும் ஒரே கட்டடத்தின் நான்கு முற்றங்களாகச் சுருங்கின.

இச்சுருக்கத்துக்கு வடிவங் கொடுத்தவர் சாம்ப்சன் கெம்ப்தோண் என்னும் இளங் கட்டடக்கலைஞர். 1809ஆம் ஆண்டிற் பிறந்த அவர், ஆணையாளரின் வேண்டுகோட்கிணங்க மாதிரி வரைபடங்களை ஆக்கினார். அவை 1835ஆம் ஆண்டில் ஆணையாளரின் முதலாவது ஆண்டறிக்கையோடு வெளிவந்தன. அவற்றுள் இரண்டு பெரிதும் பின்பற்றப்பட்டன. ஒன்று அறுகோண எல்லைக்குள் மூன்று சிறகுகள் விரியும் திட்டம். மற்றையது சதுர எல்லைக்குள் நான்கு சிறகுகள் சிலுவையென விரியும் திட்டம். பின்னையது 300 பேருக்கென வகுக்கப்பட்டது. அதன் முகப்பிலே வாயிலும், வாயிற்காப்போன் அறையும், பாதுகாவலர் சபை கூடும் மண்டபமும் இருந்தன. நடுவிலே தலைவர் மனை. சிறகுகளின் கீழ்த்தளத்தில் பகற்பொழுதைக் கழிக்கும் கூடங்களும் உணவுமண்டபமும் சமையலறையும். மேற்றளங்களில் வரிசையான கட்டில்களோடு கூடிய துயிற்கூடங்கள். சதுரத்தின் புற எல்லையிலே சலவைக்கூடம், வேலைக்கூடங்கள், அடங்காதோரை அடைக்கும் அறை, பிணவறை முதலியன. ஒருவர் பிறப்பதற்கும் உழைப்பதற்கும் வணங்குவதற்கும் இறப்பதற்கும் வேண்டிய யாவும் ஒரே மதிலுக்குள் அடங்கின. கெம்ப்தோண் பின்னர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் வரைந்த வடிவமோ இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல ஊர்களில் வேரூன்றிற்று.

லான்வில்லின் ஒன்றியம் 1837ஆம் ஆண்டில் அமைந்தது. அண்டையிலுள்ள கோயிற்பற்றுகள் பல ஒன்றுசேர்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாதுகாவலர் சபையொன்றின் ஆட்சிக்குட்பட்டன. அச்சபை கட்டட வேலைக்குத் தோமஸ் பென்சன் என்பாரை அமர்த்திற்று. 1790ஆம் ஆண்டிற் பிறந்த பென்சன் ஒஸ்வெஸ்திரி நகரில் தொழில் நடத்தியவர். மொன்ற்கோமரிக் கோட்டத்தின் நில அளவையாளராகவும் பணியாற்றியவர். லான்டினம் என்னுமிடத்தில் செவேர்ன் ஆற்றின் குறுக்கே 1846ஆம் ஆண்டில் அமைந்த, அக்கோட்டத்தின் முதல் இரும்புப் பாலம் அவர் வகுத்ததே. நியூரவுண், லானிட்லோயிஸ் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய ஒன்றியத்துக்கெனக் கயர்சூஸ் என்னுமிடத்தில் எழுந்த பணியில்லமும் அவர் திட்டமே. பாலங்கள் மக்களைக் கூட்டின. பணியில்லங்கள் அவர்களைப் பிரித்தன. இரண்டையும் ஒரே கலைஞர் ஒரே திறமையோடு செய்து முடித்தார். அவரைக் கொடியவர் எனக் கூறற்கு யாதொரு சான்றும் இல்லை. தம்மிடம் கேட்கப்பட்டதைத் திருத்தமாகச் செய்த தொழில்வல்லுநர் அவர் என்பதே பொருந்தும்.

லான்வில்லின் கட்டடத்திற் பென்சன் சிலுவைத் திட்டத்தையே தழுவினார். இத்திட்டத்தின் பொருளை அறிய, வறிய குடும்பம் ஒன்று அதனுட் புகுந்த முறையை நோக்குதல் தகும். வாயிலில் அவர்தம் பெயர்கள் பதியப்பட்டன. தம் உடையைக் களைந்து, நீராடி, இல்லத்துச் சீருடையை அணிந்தனர். மருத்துவர் பார்வையிட்டபின் தந்தை ஆடவர் முற்றத்துக்கும், தாய் பெண்டிர் முற்றத்துக்கும், ஆண்பிள்ளை சிறுவர் முற்றத்துக்கும், பெண்பிள்ளை சிறுமியர் முற்றத்துக்கும் அனுப்பப்பட்டனர். நான்கு முற்றங்களும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. ஒரு சிறகின் அகலமே அவற்றைப் பிரித்தது. மகனின் குரலைத் தந்தை கேட்கக்கூடும். ஆனால் அவனை அழைத்துப் பேசமுடியாது. ஆணையாளரின் விதிகள் வறியோரை ஏழு வகுப்பினராகப் பிரித்தன. நலிந்த ஆடவர், வலிய ஆடவர், சிறுவர், நலிந்த பெண்டிர், வலிய பெண்டிர், சிறுமியர், ஏழு வயதுக்குட்பட்ட குழவியர் என்பார் அவ்வெழுவர். ஏழு வகுப்பினரை நான்கு முற்றங்களில் அடக்கவேண்டி நேர்ந்தமையால், ஆதரிக்கப்படவேண்டிய முதியவரும் அச்சுறுத்தப்படவேண்டியவர் எனக் கருதப்பட்ட இளைஞரும் ஒரே முற்றத்தைப் பகிரும் நிலை தோன்றிற்று. முதியோர்க்கு அமைதியும் சிறுவர்க்குத் தனிக்கல்வியும் வேண்டும் என்ற அறிக்கையின் நல்லெண்ணம் திட்டத்தின் சிக்கனத்தில் அடிபட்டுப் போயிற்று.

நடுவிலுள்ள எண்கோண மனையே இத்திட்டத்தின் கண்ணாகும். எண்கோணத்தின் நான்கு பக்கங்களிலே சிறகுகள் பொருந்தின. எஞ்சிய நான்கு பக்கங்களின் சாளரங்கள் நான்கு முற்றங்களையும் நோக்கின. இல்லத்தலைவரும் அவர் மனைவியும் தம் மனையை விட்டு வெளிவராமலே எல்லா முற்றங்களையும் காணலாம். முற்றத்தில் இருப்போர்க்கோ, தாம் பார்க்கப்படுகின்றோமா இல்லையா என்பது தெரியாது. 1791ஆம் ஆண்டில் பெந்தாம் வெளியிட்ட ‘எல்லாம் நோக்கும் சிறை’ என்னும் திட்டத்தின் சாயல் இதிற் காணப்படுகின்றது. அவரே 1790களின் இறுதியில், ஒவ்வொன்றிலும் 2,000 பேர் வாழத்தக்க 250 தொழில் இல்லங்களை இங்கிலாந்தில் அமைக்கலாம் எனவும் எழுதினார். அவர்தம் மாணாக்கரான சட்விக் புதுச்சட்டத்தின் மூளையாக விளங்கியமையை நோக்கின், இவ்வொப்புமை தற்செயலானது எனத் தள்ளற்பாலதன்று.

ஆயினும் பணியில்லத்தைச் சிறை என்றே கூறிவிடுதல் பொருந்தாது. சிறையிலுள்ளவன் தண்டனைக்காலம் முடியுமுன் வெளியேற முடியாது. பணியில்லத்தில் உறைபவரோ சில மணி நேர முன்னறிவித்தலோடு எந்நாளும் வெளியேறலாம். தந்தை வெளியேறின் குடும்பமும் உடன் செல்ல வேண்டும் என்பதே விதி. மதில் உள்ளிருப்போரைத் தடுத்துவைக்க எழுந்ததன்று. வெளியே பசியும் உள்ளே பிரிவும் நிற்க, இரண்டில் ஒன்றை ஏழையே தெரிந்தெடுக்குமாறு விட்டுவிட்டதே இக்கட்டடத்தின் கடுமை. சிறைக்கதவைப் பூட்டுவோன் பழியைச் சுமப்பான். திறந்த வாயிலை உடைய பணியில்லமோ அப்பழியை ஏழையின் மேலேயே சுமத்திவிட்டது.

இதே மொன்ற்கோமரிக் கோட்டம் ஏழையர்க்கென வேறொரு சதுரத்தையும் உலகுக்கு அளித்தது. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியான ரொபேட் ஓவன் அக்கோட்டத்து நியூரவுண் என்னும் ஊரில் 1771ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1817ஆம் ஆண்டில், ஏழையர் சட்டத்தை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்கென அவர் ஒரு திட்டம் வகுத்தார். வேலையற்றோரை 1,200 பேர் கொண்ட சிற்றூர்களிற் குடியமர்த்தல் வேண்டும். அவை நாற்கோண வடிவாய் அமையவேண்டும். மூன்று பக்கங்களிலே மணமானோர்க்குரிய வீடுகளும் நான்காம் பக்கத்தில் பிள்ளைகளின் துயிற்கூடமும் இருத்தல் வேண்டும். நடுவிலே பொதுச் சமையற்கூடமும் பள்ளிகளும் நிற்றல் வேண்டும். சூழவும் அவர்கள் உழுதற்குரிய நிலம் கிடத்தல் வேண்டும் என்றார் அவர். இரு திட்டங்களையும் ஒப்பிடின் உண்மை புலனாகும். ஓவனும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரின் வீட்டினின்றும் பிரித்துப் பொதுக்கூடத்தில் துயிலச் செய்தார். அவரும் ஒழுங்கையும் ஒருமையையும் விரும்பியவரே. ஆயின் அவர்தம் சதுரத்தின் நடுவில் நின்றது பள்ளி. பென்சன் அமைத்த சிலுவையின் நடுவில் நின்றது கண்காணிப்போன் மனை. ஏழ்மை சமுதாய அமைப்பின் குறை என்றார் ஓவன். ஏழ்மை ஏழையின் ஒழுக்கக்குறை எனக் கருதியது சட்டம். இவ்விரு கருத்துகளும் இரு வரைபடங்களின் நடுப்புள்ளியிலே வேறுபட்டு நிற்கின்றன.

புதிய கட்டடங்களின் பொருளை வேல்ஸ் மக்கள் விரைவிலேயே உணர்ந்துகொண்டனர். 1839ஆம் ஆண்டு சனவரியில் பெம்புறோக் கோட்டத்து நார்பேத் என்னும் ஊரில் புதிதாக எழுந்த பணியில்லத்தைத் தீயிட முயன்றனர். அதே ஆண்டு ஏப்பிரலில் லானிட்லோயிசில் பட்டய இயக்கத்தார் கிளர்ந்தெழுந்தபோது, கம்பளி நெசவாளரின் வறுமையோடு புதிய ஏழையர் சட்டத்தின் மீதிருந்த வெறுப்பும் அக்கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. 1843ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், சுங்கவாயில்களை உடைத்துவந்த ரெபேக்கா இயக்கத்தாரும் அவரோடு சேர்ந்த மக்களும் கார்மார்தன் நகரப் பணியில்லத்தின் வாயிலை உடைத்துப் புகுந்து, படுக்கைகளைச் சாளரங்களின் வழியே வெளியே எறிந்தனர். குதிரைப்படை விரைந்துவந்தே கூட்டத்தைக் கலைத்தது. மணமாகாத தாயரின் மீது முழுச்சுமையையும் ஏற்றிய 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவும் அம்மக்களின் முறையீடுகளுள் ஒன்றாயிருந்தது; அது 1844ஆம் ஆண்டில் ஓரளவு திருத்தப்பட்டது. தென்வேல்ஸின் குறைகளை ஆராய அமைந்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், முன்னர் ஏழையர் சட்ட ஆணையாளராயிருந்த தோமஸ் பிராங்லண்ட் லூயிசே என்பது குறிப்பிடத்தக்கது.

வன்முறையினும் வலிமையுடையதாக அமைந்தது பாதுகாவலர் சபைகளின் மெளன எதிர்ப்பு. வேல்ஸின் சபைகள் பல தம் ஏழையரைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்து வெளியுதவி அளித்துவந்தன. ஒரு முதியவளுக்கு வாரந்தோறும் சில சிலிங் கொடுத்தல் அவளை இல்லத்தில் வைத்துப் பேணுவதினும் செலவு குறைந்தது என்பது அவர்தம் வாதம். அதனோடு அண்டை வீட்டாரை அவமானத்துக்கு உள்ளாக்க விரும்பாத மனப்பான்மையும் கலந்திருந்தது. ராட்னர்க் கோட்டத்து ரேயடர் ஒன்றியம் பணியில்லம் கட்டாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடத்திவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறுதியாகப் பணியில்லம் கண்ட ஒன்றியம் அதுவே. அங்கு 1870ஆம் ஆண்டுகளின் இறுதியிலேதான் கட்டடம் எழுந்தது. முதல் ஆணையாளர் நிலக்கிழாராயிருந்த கோட்டமே அவர்தம் சட்டத்துக்கு இறுதியாக இணங்கிற்று.

கட்டடக்கலைஞருள்ளும் இத்திட்டத்தைக் கண்டித்தோர் இருந்தனர். கொதிக் கலைமரபை மீட்டெடுத்த பியூஜின், தம் ‘முரண்கள்’ என்னும் நூலின் 1841ஆம் ஆண்டுப் பதிப்பில், இடைக்கால ஏழையர் இல்லத்தையும் தம் காலத்து ஏழையர் இல்லத்தையும் அருகருகே வரைந்து காட்டினார். முன்னது ஆலயத்தைச் சூழ்ந்த அறச்சாலை. பின்னது வெறுவெளியில் நிற்கும் கோண வடிவான கண்காணிப்புக் கூடம். 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டத்தால், உரிமை கோருவாரற்ற ஏழையின் உடல் மருத்துவப் பள்ளிக்கு அனுப்பப்படலாம் என்ற அச்சத்தையும் அவர்தம் ஓவியம் சுட்டிற்று. இடைக்காலத்தை அவர் மிகையாகப் புகழ்ந்தார் எனினும், ஒரு சமுதாயத்தின் அறநிலையை அதன் ஏழையர் இல்லத்தின் வரைபடத்திற் காணலாம் என்ற அவர் கருத்து மறுத்தற்கரியது.

இக்கட்டடங்களில் வளர்ந்தோருள் உலகறிந்தவர் ஒருவர் உளர். டென்பியில் 1841ஆம் ஆண்டிற் பிறந்து, யோன் ரோலண்ட்ஸ் என்னும் பெயரோடு 1847ஆம் ஆண்டில் சென்ற் அசாப் பணியில்லத்தில் விடப்பட்ட சிறுவனே, பின்னர் ஆபிரிக்கப் பயணங்களாற் புகழும் பழியும் பெற்ற ஹென்றி மோட்டன் ஸ்ரான்லி. அவ்வில்லத்தில் தாம் பட்ட கொடுமைகளை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அவற்றுட் சில மிகைப்படுத்தப்பட்டன என ஆய்வாளர் கூறுவர். எனினும் பெற்ற தாய் பின்னர் அதே இல்லத்துக்கு வந்தபோது அவரைத் தாம் அடையாளங் காணவில்லை என அவர் எழுதியது, பிரிவையே முறையாகக் கொண்ட ஓரமைப்பின் விளைவை உணர்த்தப் போதுமானது.

காலப்போக்கிற் சட்டம் தளர்ந்தது. 1845ஆம் ஆண்டில் அந்தோவர் பணியில்லத்தில், பசியால் வாடியோர் தாம் நொறுக்கவேண்டிய எலும்புகளிலிருந்த ஊனைத் தின்ற செய்தி வெளிவந்து நாட்டை உலுக்கிற்று. 1847ஆம் ஆண்டில் ஆணையாளர் நீக்கப்பட்டு, பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான சபை அமைந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட கணவன் மனைவியரைக் கட்டாயமாகப் பிரித்தலாகாது எனவும் அவ்வாண்டில் விதிக்கப்பட்டது. ஆயின் சட்டத்தை ஒரு நாளில் திருத்தலாம். கற்சுவரை அவ்வாறு திருத்தமுடியாது. தம்பதியர் சேர்ந்து வாழ்தற்குரிய அறைகள் திட்டத்திலேயே இல்லாத இல்லங்களில் அவ்விதி பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1930ஆம் ஆண்டில் பாதுகாவலர் சபைகள் ஒழிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டம் இனிச் செல்லாது எனத் தன் முதற்பிரிவிலேயே கூறிற்று. அதனைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிய அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸின் ட்ரெடீகர் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர்.

லான்வில்லின் கட்டடமோ சட்டம் மறைந்த பின்னரும் எஞ்சி நின்றது. ‘ஊ டோலிட்’, அஃதாவது ‘புல்வெளிகள்’ என்னும் இனிய பெயர் பெற்று, 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கம்வரை முதியோர் இல்லமாகப் பயன்பட்டது. பெயர் மாறினும் அச்சம் மாறவில்லை. பழைய பணியில்லங்களிலே தம் இறுதி நாள்களைக் கழிக்க முதியோர் பலர் அஞ்சினர் என்பது நாடெங்கும் அறியப்பட்ட உண்மை. பின்னர்க் கட்டடம் சிதைவுறத் தொடங்கிற்று. 2004ஆம் ஆண்டில் அதனைக் காத்தற்கென ஒரு நிதியம் அமைந்தது. அதன் முயற்சியாற் பழுதுகள் பார்க்கப்பட்டு, கைவினைஞர் தொழிற்கூடங்களும், பயணிகள் தங்குமிடமும், பணியில்லத்தின் வரலாற்றைக் கூறும் நிலையமும் அங்கு இடம்பெற்றன. ஒருகாலத்திற் பெற்றோரும் பிள்ளைகளும் வெவ்வேறாக நின்ற முற்றங்களில் இசைவிழாக்களும் நடைபெற்றன. வேல்ஸில் எழுந்த பணியில்லங்கள் பல இடிக்கப்பட்டன. வேறு பல மருத்துவமனைகளாகி உருமாறின. சிலுவைத் திட்டம் பெரிதும் சிதையாது எஞ்சியமையே லான்வில்லின் கட்டடத்தின் தனிச்சிறப்பாகும்.

அதனை இடித்துத் தள்ளியிருக்கலாமே எனக் கருதுவாரும் இருத்தல் கூடும். துன்பத்தின் நினைவிடத்தை ஏன் பேணவேண்டும் என்பது நேரிய வினாவே. ஆயின் 1834ஆம் ஆண்டின் சட்டத்தை ஆக்கியோர் தம்மைக் கொடியவராக எண்ணவில்லை. அவர் புள்ளிவிவரம் திரட்டினர், அறிக்கை வரைந்தனர், சிக்கனத்தையும் ஒழுங்கையும் ஏழையின் நன்மையையும் பேசினர். சட்டநூலை மட்டும் கற்போர்க்கு அவர்தம் வாதம் இன்றும் அறிவுக்குப் பொருத்தமானதாகவே தோன்றும். அவ்வாதம் மனிதர் வாழ்விற் பொருந்தியபோது எவ்வடிவம் பெற்றது என்பதை அறிய, அந்நான்கு முற்றங்களையும் அவற்றை நோக்கி நிற்கும் எண்கோண மனையையும் காணல் வேண்டும். ஏழைக்கு உணவு அளிக்கவேண்டும் என்பதில் அச்சமுதாயம் தவறவில்லை. உணவைப் பெறுதற்கு அவன் தன் குடும்பத்தை விலையாகக் கொடுத்தல் வேண்டும் என்றதே அதன் தவறு. ஓர் அறநிலையம் எத்துணைப் பேருக்கு உணவளிக்கின்றது என்று கணக்கிடுவதோடு, உண்போர் யாருடன் அமர்ந்து உண்ண அது இடங்கொடுக்கின்றது என்பதையும் கேட்டல் வேண்டும். லான்வில்லின் பணியில்லத்தின் வரைபடம் வரலாற்று மாணவர்க்கு இவ்வொரு வினாவையேனும் கற்பித்து நிற்கின்றது.